பழைய சீட்டுக்கட்டில் 304 ஆட வேண்டியிருந்தால்

நைந்த கட்டை வைத்து ரம்மியைக்கூட ஓரளவு ஓட்டிவிடலாம். நான்கு பேர், ஏழு முதல் ஆஸ் வரையான 32 சீட்டில் ஆடும் 304 அப்படியில்லை. துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தைக் குறிக்கும் சீட்டை, கவிழ்த்து வைக்கிறோம். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் போடும் சீட்டும் கவிழ்ந்தே விழுகிறது. ஆட்டத்தின் உயிர் இந்தக் கவிழ்ந்த சீட்டுகளில்தான் இருக்கிறது. டைமன் ஜாக்கியின் முதுகில் மட்டும் ஒரு டீக்கறை இருந்தால், கேள்வி கேட்டவர் (ஏலத்தில் வென்றவர்) துரும்பை வைத்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துபோகிறது.

கட்டு பழசாக இருப்பது குறையல்ல. 32 சீட்டும் ஒரே மாதிரி அழுக்காக, ஒரே பக்கம் வளைந்திருந்தால் தாராளமாக ஆடலாம். ஒரு சீட்டு மட்டும் தனியாகத் தெரிவதுதான் கெடுதல். கிழிந்த சீட்டுக்குப் பதில் புதுச்சீட்டு செருகுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அழுக்கேறிய 31-க்கு நடுவே வெள்ளையாக நிற்கும் ஒன்று, கிழிந்த சீட்டைவிட மோசம். ஆட்டத்தில் சேராமல் மிச்சமிருக்கும் இரண்டு முதல் ஆறு வரையான 20 சீட்டில் ஒன்றை எடுத்து 'ஜாக்கி' என்று பேனாவால் எழுதினாலும் இதே கதைதான், அவை அதிகம் கைபடாதவை.

ஆட உட்காருமுன் கட்டைச் சோதியுங்கள். முதலில் எண்ணிக்கை: ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டும் ஏழும் சுழி. இனத்துக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304 வர வேண்டும். அடுத்து கட்டை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் முதுகுகளைச் சரசரவென்று ஓடவிடுங்கள். முதுகுகள் ஒத்திருந்தால் அச்சுக்கோலம் அசையாமல் நிற்கும். வேறுபட்ட சீட்டு வரும்போது கண்ணில் ஒரு துள்ளல் தெரியும். கட்டைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஓடவிடுங்கள். பிறகு கட்டை இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். மூலை மடங்கிய சீட்டு இருக்கும் இடத்தில் மெல்லிய இடைவெளி விழும். கடைசியாக, இந்தக் கட்டில் அதிகம் ஆடியவரிடம் பத்துச் சீட்டின் முதுகை மட்டும் காட்டி என்னவென்று கேளுங்கள். தற்செயலாக ஒன்று சரியாகலாம், இரண்டு சரியாவது அரிது. இரண்டு சரியானால் அந்தக் கட்டை அப்படியே ஆட வேண்டாம்.

புதுக்கட்டிலும் இந்தக் கோளாறு வரும். வெட்டு சற்று விலகியிருந்தால் ஓரத்துக் கோலம் ஒரு பக்கம் முழுசாகவும் மறுபக்கம் அரையாகவும் நிற்கும். தலைகீழாகத் திரும்பிய சீட்டு அதனாலேயே தனியாகத் தெரியும். 2012-இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கிளப்பில் தொழில்முறைச் சூதாட்டக்காரர் ஃபில் ஐவி இத்தகைய ஓர வேறுபாட்டை வைத்தே புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டத்தில் சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கிளப் பணத்தைத் தரவில்லை. அது ஏமாற்றுதான் என்று 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வீட்டு ஆட்டத்தில் இதற்கு மருந்து எளிது. கலைக்கும்போது எல்லாச் சீட்டையும் பாயில் பரப்பி, இரண்டு கையாலும் வட்டமாகச் சுழற்றிக் குழப்புங்கள். எந்தச் சீட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்பதற்கு அப்புறம் பொருளே இருக்காது.

காகிதச் சீட்டில் ஈரத்துணி படக்கூடாது, ஊறி உப்பிவிடும். மென்மையான அழிரப்பரால் முதுகை லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஒன்றுக்குச் செய்தால் 32-க்கும் செய்ய வேண்டும். முழு பிளாஸ்டிக் சீட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அச்சைக் கரைத்துவிடும், தொடாதீர்கள். வளைந்த கட்டை இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே வைத்து, மேலே கனமாக ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மடிப்பு விழுந்த மூலை மட்டும் இதற்கு மசியாது. மடிந்த கோடு வெள்ளையாக நின்றுவிடும். ஒரு சீட்டில் பேனாப் புள்ளி பட்டிருந்தால், அதே பேனாவால் அதே இடத்தில் எல்லா முதுகிலும் வைத்துவிடுங்கள்.

கட்டை மாற்ற வழியே இல்லை, இன்றே ஆட வேண்டும் என்றால் அந்த 20 சீட்டு கைகொடுக்கும். ஆளுக்கு இரண்டு மூடிச்சீட்டு கொடுங்கள். கையிலுள்ள எட்டையும் விசிறியாக விரிக்காமல் ஒன்றாக அடுக்கி, பின்னால் ஒரு மூடியை வைத்துப் பிடித்தால் எதிரே இருப்பவருக்கு முதுகு தெரியாது. கவிழ்த்துப் போடும் சீட்டின் மேல் மற்ற மூடியை வையுங்கள். பிடி (ஆளுக்கொரு சீட்டு இறங்கும் சுற்று) முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். துரும்புக்கும் தனியாக ஒரு மூடி வேண்டும். துரும்பு வைத்தவர் மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் இது தடுக்கும். புதுக்கட்டில் முதல் மடிப்பு விழுவதே பெரும்பாலும் அந்தக் கட்டைவிரலால்தான்.

இன்னொரு வழி, பின்பக்கம் ஒளி புகாத பிளாஸ்டிக் உறைகள். 63×88 மி.மீ. சீட்டுக்கு 66×91 மி.மீ. உறை சரியாக இருக்கும். 57 மி.மீ. அகலமுள்ள குறுகிய சீட்டு அதில் ஆடும். உறை போட்ட கட்டை வளைத்துக் கலைக்காமல் எடுத்தெடுத்துப் போட்டுக் கலையுங்கள். ஓர் உறை கிழிந்தால் 32-ஐயும் மாற்றுங்கள்.

அடையாளத்தைப் பார்த்துவிட்டவர் உடனே சொல்லிவிட வேண்டும். முதல் சீட்டு இறங்கும் முன் என்றால் கலைத்துத் திரும்பப் போடலாம். இறங்கிய பிறகு என்றால் அந்தக் கையை அப்படியே முடித்துவிட்டு, அடுத்த கைக்கு மூடிச்சீட்டை எடுங்கள்.