ஏழு வசனம், ஒரு நோட்டு: வேத தியானக் குறிப்பு எழுதத் தொடங்குவோருக்கு

காலையில் வேதம் வாசிக்கிறீர்கள். ஒரு அதிகாரம் முடிகிறது, ஜெபிக்கிறீர்கள், அடுப்படியோ பஸ்ஸோ கூப்பிடுகிறது. பத்து மணிக்கு யாராவது "இன்னைக்கு என்ன வாசிச்சீங்க?" என்று கேட்டால் புத்தகத்தின் பெயர் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கான செய்முறை இது. ஒரு வேதாகமம், ஒரு சாதாரண நோட்டு, பேனா, இருபது நிமிடம் போதும். போனிலேயே வேதம் வாசிப்பவர் என்றால் அந்த இருபது நிமிடத்துக்கு டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

முறை நான் கண்டுபிடித்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியன் துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் அமைதியாக இருத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவைத்தார். மடத்துக்காக எழுதப்பட்டதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதும். எந்தச் சபைக்காரரும் செய்யலாம்.

பழகிப் பார்க்க 2 இராஜாக்கள் 4:1–7 பகுதியை எடுத்துக்கொள்வோம். திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்கு அது 2 அரசர்கள். இப்போதே திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு முழுச் சம்பவத்தை எடுங்கள்

வாக்குத்தத்த அட்டையில் வரும் ஒற்றை வசனத்தை வைத்துத் தியானம் தொடங்கவேண்டாம். அந்த வசனம் பொய்யென்று சொல்லவில்லை. அது யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பது அட்டையில் இருக்காது. வசன எண்களே பிற்காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் எண்களை 1551-இல் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் போட்டார். தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்ணை, ஒரு செய்தி முடியும் இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதியவர்கள் ஐந்திலிருந்து பத்து வசனத்துக்குள் முடியும் சம்பவங்களைத் தேடுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் இப்படி நிறைய உண்டு. எலியா, எலிசா என்ற தீர்க்கதரிசிகளைப் பற்றிய பகுதிகளிலும் உண்டு. லேவியராகமத்தையும் வெளிப்படுத்தலையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

படி 2: மூன்று தரம் வாசியுங்கள்

முதல் தரம் மனதுக்குள், இரண்டாவது சத்தமாக, மூன்றாவது வேறொரு மொழிபெயர்ப்பில். பழைய திருப்புதலில் (சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) வளர்ந்தவர்களுக்கு அதன் நடை மனப்பாடம். கண் வேகமாக ஓடிவிடும். பொது மொழிபெயர்ப்பில், அதாவது திருவிவிலியத்தில், அதே பகுதியை வாசிக்கும்போது வேகம் தானாகக் குறையும்.

படி 3: இருப்பதை மட்டும் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். இருபது நிமிடத்தில் பத்தை இதற்கே கொடுங்கள். "கர்த்தர் எனக்கு என்ன சொல்கிறார்" என்ற கேள்வியை இன்னும் கேட்காதீர்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், பகுதியில் சொல்லியிருப்பது. வலப்பக்கம், சொல்லாமல் விட்டது.

இடப்பக்கம் இப்படி வரும். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துவிட்டார். அவர் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர். மனைவி அதை எலிசாவுக்கு நினைவுபடுத்துகிறாள். கடன் இருக்கிறது. கடன்காரன் இரண்டு பையன்களையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். எலிசா கேட்கிறார்: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்." ஒரு குடம் எண்ணெய், வேறொன்றும் இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களை வாங்கச் சொல்கிறார், அதுவும் அநேகம். கதவைப் பூட்டச் சொல்கிறார்.

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ஐந்தாம் வசனத்தில் யார் என்ன செய்கிறார்கள்? பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள், அம்மா வார்க்கிறாள். அறைக்குள் எலிசா இல்லை. நாளைக்கு அடிமைகளாகப் போகவேண்டிய அந்த இரண்டு பையன்களின் கை வழியாகத்தான் ஒவ்வொரு பாத்திரமும் அவளிடம் வருகிறது. ஆறாம் வசனத்தில் இன்னொரு பாத்திரம் கொண்டுவா என்கிறாள். வேறே பாத்திரம் இல்லை என்கிறான் மகன். எண்ணெய் நின்றுபோகிறது. அவள் நேராகச் சந்தைக்கு ஓடாமல் எலிசாவிடம் போய்ச் சொல்கிறாள். அவர் வரிசை சொல்கிறார்: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிழையுங்கள். கடன் முதலில், வீட்டுச் செலவு பிறகு.

வலப்பக்கத்தையும் விடாமல் எழுதுங்கள். அவள் பெயர் இல்லை. கடன் எவ்வளவு, எதற்கு வாங்கியது என்று இல்லை. எத்தனை பாத்திரம் என்று இல்லை. அயல்வீட்டார் காரணம் கேட்டார்களா, முகம் சுளித்தார்களா, தெரியாது. கடன்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு என்ன சொன்னான், அதுவும் இல்லை. (இந்தச் சம்பவத்தை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரு கேள்விக்குத் தயாராகப் போங்கள்: இரவல் வாங்கின பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா?)

வலப்பக்கப் பட்டியல் எதற்கென்றால், பிரசங்கங்களில் கேட்டதையும் பகுதியில் உள்ளதையும் நாம் கலந்துவிடுகிறோம். இந்த விதவை இஸ்ரவேல் ராஜாவான ஆகாபின் அரண்மனை அதிகாரியான ஒபதியாவின் மனைவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியது. 1 இராஜாக்கள் 18-இல் வரும் ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்துவைத்துச் சாப்பாடு போட்டவர். அந்தச் செலவில்தான் கடன் ஏறியது என்று கதை சேர்ந்துகொள்கிறது. அழகான தொடர்புதான். ஆனால் இந்த ஏழு வசனத்தில் அது இல்லை. இடப்பக்கம் எழுதாதீர்கள்.

படி 4: பின்னணி, அளவோடு

ஒத்தவாக்கியங்கள் (தொடர்புள்ள வேறு வசனங்களின் குறிப்புகள்) உள்ள வேதாகமம் இருந்தால் அதுவே போதும். மூன்று இடம் புரட்டுங்கள். யாத்திராகமம் 22:22–25: விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கவேண்டாம், ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கவேண்டாம். லேவியராகமம் 25:39: வறுமையால் விலைப்பட்டுப்போன சகோதரனை அடிமையைப்போல நடத்தவேண்டாம். உபாகமம் 24:17: விதவையின் வஸ்திரத்தை அடகு வாங்கவேண்டாம். நியாயப்பிரமாணம் இவ்வளவு சொல்லியும் அவள் வாசலில் கடன்காரன் நிற்கிறான். பல நூற்றாண்டு கழித்து நெகேமியா 5-ஆம் அதிகாரத்திலும் இதே அழுகை கேட்கிறது: எங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைகளாக ஒப்புக்கொடுக்கிறோமே என்று.

எண்ணெய் என்பது ஒலிவ எண்ணெய். விளக்குக்கும் சமையலுக்கும் தினம் வேண்டியது என்பதால் விற்றால் பணம் கிடைக்கும்.

இதற்கு மேல் போகவேண்டாம். விளக்கவுரை ஐந்தை அடுக்கி உட்கார்ந்தால் அது படிப்பு; நல்லதுதான், அதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிறது.

படி 5: ஒரே ஒரு கேள்வி

எழுதியதைத் திரும்பப் பாருங்கள். எது உறுத்துகிறது? பிடித்ததை எடுக்காமல் உறுத்துவதை எடுங்கள் என்பது என் கட்சி. பிடித்தது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

என்னை உறுத்துவது முதல் வசனம். கர்த்தருக்குப் பயந்து நடந்த மனிதர் கடனோடு செத்துப்போனார். கடன் என்றாலே சாபம், விசுவாசக் குறைவு என்று மேடையில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சங்கடம். எலிசா அவளிடம் "ஏன் கடன் வாங்கினீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறார்.

இன்னொரு இடமும் கவனிக்கவேண்டியது. "பாத்திரம் எத்தனையோ ஆசீர்வாதம் அத்தனை; இன்னும் கொண்டுவந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும்" என்று இந்தப் பகுதியைப் பிரசங்கிப்பது வழக்கம். எண்ணெய் நின்றதை அவளுடைய குறையாக ஆறாம் வசனம் சொல்கிறதா? இல்லை. ஏழாம் வசனம் என்ன சொல்கிறது? கடனும் தீரும், சாப்பாட்டுக்கும் இருக்கும். பிள்ளைகளை இழக்க இருந்தவளிடம் "இன்னும் நாலு குடம் வாங்கியிருக்கலாமே" என்று நாம் சொல்வது கொஞ்சம் அநியாயம்.

உங்களுக்கு வேறு கேள்வி வரலாம். கதவை ஏன் பூட்டவேண்டும்? அக்கம்பக்கத்தில் பாத்திரம் கேட்டுப் போக அவளுக்கு எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும்? எதுவானாலும் ஒன்றை மட்டும் எழுதி, அதோடு ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பதில் வராவிட்டால் கேள்வியாகவே நோட்டில் இருக்கட்டும்.

படி 6: இன்று செய்யக்கூடிய ஒன்று

"விசுவாசத்தில் வளரவேண்டும்", "இன்னும் அதிகமாக ஜெபிக்கவேண்டும்" இரண்டையும் எழுதத் தடை. ராத்திரி படுக்கும்போது செய்தேனா இல்லையா என்று சொல்ல முடியாத எதையும் எழுதவேண்டாம்.

அதற்கு முன் ஒரு சோதனை: இந்தச் சம்பவத்தில் நீங்கள் யார்? எல்லோரும் விதவையின் இடத்தில் போய் நிற்போம். அயல்வீட்டுக்காரராக நின்று பாருங்கள். வெறும் பாத்திரம் கொடுத்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. கடன்காரனாகவும் நின்று பாருங்கள். கைமாத்து கொடுத்துவிட்டு ஆலய வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டவர்களுக்கு அந்த இடம் சரியாகப் பொருந்தும்.

படி 7: ஜெபம்

பகுதியில் உள்ள சொற்களையே எடுத்து இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வழக்கமான ஜெபத்துக்குப் போகலாம்.

மாதிரிக் குறிப்பு

முழுதும் சேர்ந்தால் நோட்டில் அரைப் பக்கம் வரும். நகைக்கடனைக் கணவரிடம் மறைத்துவைத்திருக்கும் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

> 2 இரா. 4:1–7. கர்த்தருக்குப் பயந்தவர் வீட்டிலும் கடன். எலிசா திட்டவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: ஒரு குடம் எண்ணெய்.
>
> கேள்வி: அவள் கடனை எலிசாவிடம் சொன்னாள். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். என் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன்?
>
> இன்று: அடகு ரசீதை எடுத்து வட்டி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கவேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்லவேண்டும்.
>
> ஆண்டவரே, என் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளும். இருப்பதை மறைக்காமல் சொல்ல எனக்குத் தைரியம் தாரும்.

இதில் இலக்கண அழகு எதுவும் இல்லை, தேவையும் இல்லை. குறிப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் "அடகு ரசீது" என்ற வரி "பொருளாதாரப் போராட்டங்கள்" என்று மாறிவிடும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசச் சொன்னால் படி 3-இல் எழுதியதைச் சொல்லுங்கள். படி 6 நோட்டிலேயே இருக்கட்டும்.

சில நாள் ஒன்றுமே தோன்றாது. அன்று படி 3 மட்டும் எழுதி மூடிவிடுங்கள். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து எழுதி ஈடுகட்டவும் வேண்டாம். தேதி போட்டு அன்றைய பகுதியைத் தொடங்குங்கள்.

அடுத்து எடுக்க நான்கு பகுதிகள்: சாறிபாத் விதவை (1 இராஜாக்கள் 17:8–16), இதை இன்றைய பகுதியோடு ஒப்பிட்டு எழுதலாம், குருடனான பர்திமேயு (மாற்கு 10:46–52), நாயீன் ஊர் விதவை (லூக்கா 7:11–17), "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம். கடைசியில் சொன்னதில் சம்பவம் கிடையாது, ஆறே வசனம்தான். அதற்குப் படி 3-இல் கோடு போடும்போது, இடப்பக்கம் சங்கீதக்காரர் கேட்பதையும் வலப்பக்கம் தேவன் அங்கே பதில் சொல்கிறாரா என்பதையும் எழுதுங்கள்.