எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி?

ஆய்வு வாய்ப்பு என்றதும் பல மாணவர்கள் டெல்லியையும் வெளிநாட்டையும் பார்க்கிறார்கள். தேட வேண்டிய முதல் இடம் உங்கள் கல்லூரி மருத்துவமனைதான். நோயாளிகளும் கேஸ் ஷீட்டுகளும் (நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகள்) அங்கே இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் போய் வேலை பார்க்கலாம்.

யார் ஆய்வு செய்கிறார்கள்?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெடில் கல்லூரியின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடி, கடந்த மூன்று ஆண்டுகளில் கட்டுரை வெளியிட்ட ஆசிரியர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) தளம். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை 2009 ஜூன் முதல் அங்கே கட்டாயம் பதிய வேண்டும். ஆய்வாளர் பெயர், மருத்துவமனை, நோயாளிகளைச் சேர்க்கிறார்களா இல்லையா என்பதெல்லாம் ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். முடிந்துபோன ஆய்வைத் தேடிப் போய்ப் பயனில்லை. சமூக மருத்துவத் துறையை விட்டுவிடாதீர்கள். கேள்வித்தாள் தயாரிப்பதும் சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) போடுவதும் அங்கே கைவந்த கலை.

எப்படிக் கேட்பது?

"சார், ஏதாவது ப்ராஜெக்ட் இருக்கிறதா?" என்றால் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: "மேடம், நான் இரண்டாம் ஆண்டு மாணவி. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வாரம் நான்கு மணி நேரம் ஓ.பி.யில் டேட்டா எடுக்க முடியும். எப்போது வந்து பார்க்கலாம்?" ஒரு வாரம் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள்.

ஐ.சி.எம்.ஆர். எஸ்.டி.எஸ்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) மாணவர்களுக்காக 1979 முதல் நடத்தும் குறுகிய கால ஆய்வுத் திட்டம் இது. இதில் நீங்களே இரண்டு மாத ஆய்வு ஒன்றைச் செய்யலாம். சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாயப் பயிற்சி மருத்துவர் காலம்) தொடங்கிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. ஒரு வழிகாட்டி ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் நல்ல வழிகாட்டிகள் கிடைக்க மாட்டார்கள். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகை வரும். கைச்செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

பலர் சறுக்குவது கேள்வியின் அளவில். இரண்டு மாதத்தில் முடிகிற கேள்வியா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரச்சினை 30 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று முந்தைய ஆய்வு சொன்னால், 10 சதவீதப் புள்ளி துல்லியத்துக்கு (விடை 10 புள்ளி கூடலாம், குறையலாம்) 4 × 30 × 70 ÷ (10 × 10) = 84 பேர் வேண்டும்; 70 என்பது பிரச்சினை இல்லாதவர்களின் சதவீதம். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 94. துல்லியத்தை 5 ஆக்கினால் 336 பேர்! வாரத்துக்குப் பத்து நோயாளிகள் வரும் ஓ.பி.யில் 94 பேரே எட்டு வாரத்தில் கிடைக்க மாட்டார்கள். தலைப்பையோ ஓ.பி.யையோ மாற்றுங்கள், எண்ணிக்கையை மட்டும் இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள்.

நெறிமுறைக் குழு

நோயாளிகளுக்குப் பாதிப்பு வராதா என்று பார்த்து ஆய்வுக்கு ஒப்புதல் தருவது இந்தக் குழுதான். வழிகாட்டி கிடைத்த அன்றே குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஆய்வுக்கு ஒதுக்கிய விடுமுறையே போய்விடும். ஆய்வுத் திட்டம், தமிழில் தகவல் தாள், ஒப்புதல் படிவம் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். பழைய கேஸ் ஷீட்டை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கும் குழுவின் ஒப்புதல் தேவை. நோயாளியின் சம்மதத்திலிருந்து மட்டும் விலக்குக் கேட்கலாம். டேட்டா எடுத்துவிட்டு ஒப்புதல் கேட்காதீர்கள். அந்த உழைப்பு வீண், நோயாளிக்கும் அநீதி.

பெயர் வருமா?

பி.ஜி. மாணவரின் தீசிஸுக்கு டேட்டா மட்டும் எடுத்துக் கொடுத்தால் கட்டுரையில் உங்கள் பெயர் வராது; நன்றியுரையோடு முடிந்துவிடும். எழுதுவதிலும் பங்கு உண்டா என்று சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். பணம் கட்டினால் ஆசிரியர் பட்டியலில் பெயர் சேர்ப்போம் என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள்.