மடக்கு போனா, போனும் டேப்லெட்டும் தனித்தனியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரித்தால் சிறு டேப்லெட் போல ஆகும் மடக்கு போன் ஒன்றே போதுமா, போனும் டேப்லெட்டும் தனித்தனியாக வாங்குவதா என்று யோசிக்கிறீர்களா? உறை போடுங்கள், விலையை ஒப்பிடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

இன்ச் கணக்கை நம்புவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வாங்குகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். "மடக்கு போன் 7.6 இன்ச், டேப்லெட் 11 இன்ச்... மூன்றரை இன்ச்தானே வித்தியாசம்?" அந்த இன்ச் மூலைக்கு மூலை அளந்தது; பரப்பைச் சொல்லாது. 6:5 விகிதத்தில் விரியும் 7.6 இன்ச் திரை சுமார் 14.8 × 12.4 செ.மீ. 16:10 விகித 11 இன்ச் டேப்லெட் 23.7 × 14.8 செ.மீ. மடக்கு போன் பரப்பில் ஏறக்குறைய பாதிதான்!

படம் பார்த்தால் இன்னும் மோசம். 16:9 வீடியோவுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, மிஞ்சுவது 6.7 இன்ச் படம். டேப்லெட்டில் 10.7 இன்ச் கிடைக்கும். ஏ4 பிடிஎஃப் முழுப் பக்கமாகத் திறந்தால் 12 பாயின்ட் எழுத்து மடக்கு போனில் 6 பாயின்ட் ஆகிவிடும், டேப்லெட்டில் எட்டரை.

நீங்கள் வழக்கமாகப் படிக்கும் ஒரு பக்கத்தை 50% (மடக்கு போன்), 70% (டேப்லெட்) என இரு அளவில் அச்சிட்டுப் பாருங்கள். 50% தாள் கண்ணை உறுத்தினால் தனி டேப்லெட்தான். மின்னஞ்சல், வரைபடம், மின்நூல் மட்டும் போதும் என்பவருக்கு மடக்கு போன் தாராளம். அவற்றில் எழுத்தைப் பெரிதாக்கலாம்.

உள்திரைப் படலத்தை உரிப்பது

மடக்கு போனின் உள்திரைமேல் ஒட்டியே வரும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உரிக்காதீர்கள். 2019இல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கியவர்களில் சிலர், அது சாதாரண ஒட்டுத்தாள் என்று உரித்துத் திரையையே பாழாக்கினார்கள். வேறு கோளாறுகளும் சேர, ஏப்ரலில் வர வேண்டிய போன் செப்டம்பருக்குப் போனது. மடிப்பில் குமிழ் எழும்பினால் சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நீர்காப்பை மட்டும் பார்ப்பது

ஐபி என்பது தூசி, நீர் இரண்டுக்குமான காப்புக் குறியீடு; முதல் இலக்கம் தூசிக்கு, அடுத்தது நீருக்கு. ஐபிஎக்ஸ்8 என்பதிலுள்ள எக்ஸ், தூசிக்கு மதிப்பீடு இல்லை என்பதைக் குறிக்கும். ஐபி48 என்றாலும் 1 மி.மீ.க்கு மேற்பட்ட துகளைத்தான் தடுக்கும். மணல் அதைவிடப் பொடி, போன் மடியும் கீலுக்குள் போய்விடும்.

டேப்லெட்டில் எல்லாம் இருக்கும் என்பது

வைஃபை மட்டுமுள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் உள்ள ஐபேடிலும் சாதாரண அழைப்பு வராது. ஹாட்ஸ்பாட் போட்டே ஓட்டினால் போன் பேட்டரி சீக்கிரம் தீரும்.

மாற்று போன் இல்லாமல் இருப்பது

மடக்கு போன் சர்வீஸுக்குப் போனால் ஓடிபியும் கூடவே போகும். பழைய போன் ஒன்றைச் சார்ஜோடு வையுங்கள். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் என்றால் கழற்றி மாட்ட முடியாது. அதை வேறு போனுக்கு மாற்றும் வழியை இப்போதே கேட்டுக்கொண்டு, ஓடிபி இல்லாமலும் கணக்குகளுக்குள் நுழைய உதவும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.