கேப்டனை அறிவித்தாயிற்று, சரி, உண்மையான தலைவர் யார்?

கேப்டன் பெயரை அறிவித்ததோடு தலைமை விஷயம் முடிந்தது என்று நினைக்கும் பயிற்சியாளரா நீங்கள்? 2014இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வில் 4,451 வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் நாலு விஷயம் கேட்டார்கள்: ஆட்ட உத்தியில், உற்சாகமூட்டுவதில், அணிக்குள் ஒற்றுமை காப்பதில், வெளியாட்களிடம் பேசுவதில் யார் முன்னால் நிற்கிறார்? நாலுக்கும் கேப்டனையே சொன்னவர்கள் வெறும் 1 சதவீதம். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒன்றுக்குக்கூட அவரைச் சொல்லவில்லை.

அதனால் உண்மையான தலைவர்கள் யாரென்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, எழுதுபவர் பெயர் வேண்டாம். 'நல்ல தலைவர் யார்' என்று மட்டும் கேட்காதீர்கள், அதிக கோல் போட்டவன் பெயர்தான் வரும். பின்தங்கியிருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் முகத்தைப் பார்ப்பாய், அணியில் இடம் போனால் முதலில் யாரிடம் சொல்வாய், பயிற்சியாளர் முடிவு தப்பென்று பட்டால் யாரைப் பேச அனுப்புவாய் என்று கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் சீட்டுகளில் அதிகம் வந்த நாலைந்து பேருக்கு நிஜமான பொறுப்பு கொடுங்கள். நியூசிலாந்து ரக்பி அணியில் 2004க்குப் பிறகு பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி செய்தது இதைத்தான்: மூத்த வீரர்கள் குழுவாக முடிவுகளில் பங்கெடுத்தார்கள். மேட்ச் முடிந்ததும் உடைமாற்றும் அறையைப் பெருக்குவதும் அங்கே நட்சத்திரங்களின் வேலைதான். ஆவேசப் பேச்சுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம், பெருக்குமாறு எடுக்கிற சீனியரைப் பார்த்தபின் புதுப்பையன் தண்ணீர் பாட்டிலை அப்படியே போட்டுவிட்டுப் போகமாட்டான்.

விலகி நிற்பதும் தலைமைதான் என்று பழக்குங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிச்சுற்றில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஒரே ஒரு வால்ட்டுக்கு (ஓடிவந்து மேடையைத் தாண்டும் சாகசம்) பிறகு விலகினார், ஆனால் சிறிது நேரத்தில் அரங்குக்குத் திரும்பி வந்து சக வீராங்கனைகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார், அவர்கள் வெள்ளி வென்றார்கள். உங்கள் அணியில் முக்கியமானவர் பாதியில் வெளியேறினால் அடுத்துப் பொறுப்பேற்பவர் யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.

மைதானத்துக்கு வெளியே? பதக்கம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். 2020இல் ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளி உணவுக்காக இங்கிலாந்து கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் பேசியபோது பிரிட்டிஷ் அரசே இறங்கிவந்தது என்றால், பசி அவர் சிறுவயதில் அனுபவித்த விஷயம் என்பதும் ஒரு காரணம். உங்கள் வீரர்களையும் தெரிந்த விஷயத்தில் பேச விடுங்கள்.

சீட்டுகளைச் சீசன் நடுவில் இன்னொரு தடவை வாங்குங்கள், காயமும் புதுவரவும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆனால் முடிவைப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள்.