அம்மாவின் வாழ்க்கையை எழுதி வைக்கும் முறை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, "அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி, வருஷத் திதிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கலாமே" என்று உறவில் ஒருவர் சொல்வதுண்டு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டையும் ஊர்ப் பொதுக்காரியத்தையும் ஒன்றாகச் சுமந்த என் தாயைப் பற்றி அவ்வாறு எழுதியபோது, பிழைபட்ட இடங்களிலிருந்தே இம்முறையைக் கற்றுக்கொண்டேன்.

எழுதத் தொடங்குவதற்கு முன் வீட்டாரிடம் கேட்காதீர்கள், அவர் இருந்த அயல்கூட்டத்தாரிடம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவினரிடம், கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அடுப்படியில் நின்ற அம்மாவை மட்டுமே. 1998 மே மாதம் தொடங்கப்பட்ட, கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயில் பத்து முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்து ஓர் அயல்கூட்டம் அமைத்து, வாரம் ஒருமுறை உறுப்பினர் ஒருவரின் வீட்டில் கூடிச் சேமிப்புப் பணத்தைக் கட்டி, பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அந்தப் பழைய மினிட்ஸ் புத்தகம் கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. செயலாளரின் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். மலையாளத்தில் எழுதப்பட்ட தீர்மானங்களின் கீழே என் அம்மா மட்டும் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அக்கையெழுத்து மலையாளத்துக்கு மாறுகிறது. எப்போது, யாரிடம் அந்த எழுத்தைக் கற்றார் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தேதிகளைப் பொறுத்தவரை ரேஷன் கார்டு ஒன்று சொல்லும், ஆதார் வேறொன்று சொல்லும். அந்தத் தலைமுறைப் பெண்களின் நினைவு ஆண்டுக் கணக்கில் ஓடுவதில்லை. "மாநிலம் பிரிஞ்ச சமயம்", "சாட்சரதா (எழுத்தறிவு) வகுப்பு நடந்தப்ப" என்றே ஓடும். அப்படிச் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு, பிறகு ஆண்டைப் பொருத்துங்கள். மாநிலம் பிரிந்தது 1956 நவம்பர் 1. முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது 1991 ஏப்ரல் 18. ஆகவே அந்த வகுப்பு பெரும்பாலும் அதற்கு ஓரிரண்டு ஆண்டுகள் முந்தியதாக இருக்கும். பெருமாட்டிப் பஞ்சாயத்திலுள்ள பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிரான சமரம் (போராட்டம்) 2002 ஏப்ரலில் தொடங்கியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தம் வீட்டுப் பெண்ணும் அந்தச் சமரப் பந்தலில் உட்கார்ந்தார் என்று சொல்லிக்கொள்ள இப்பகுதியில் பலருக்கும் ஆசையுண்டு. உடன் சென்றவர் ஒருவராவது அதை உறுதிசெய்தாலன்றி எழுத வேண்டாம்.

சேகரித்ததையெல்லாம் அச்சில் ஏற்றிவிடவும் கூடாது. பாலியேட்டிவ் பராமரிப்புக்காக, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களைக் கவனிப்பதற்காக, வீடு வீடாகச் சென்ற பெண்ணுக்குப் பிறர் வீட்டு நோயும் கடனும் சண்டையும் தெரிந்திருக்கும். எந்த வீட்டுக்குச் சென்றார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள்: படுக்கையில் கிடந்தவரின் தலையை வாரிவிட்டார், மருந்து நேரத்தைப் படிக்கத் தெரியாதவருக்காக மாத்திரை அட்டையில் சூரியனும் நிலவும் வரைந்து கொடுத்தார். ஃபிளெக்ஸ் பலகையில் வரும் 'தியாகச் சுடர்', 'பாசத்தின் இருப்பிடம்' போன்ற சொற்கள் எந்தத் தாய்க்கும் பொருந்துபவை. அந்தச் சூரியனும் நிலவும் இந்த ஒருவருக்கே உரியவை.

இனி வீட்டுக்கு வரலாம். நான் மிகவும் பிழைபட்ட இடம் இதுதான். முதலில் எழுதிய படியில் அம்மாவின் கூட்டங்களையும், தொழிலுறப்புப் பணியில் (நூறு நாள் வேலையில்) அவர் மேட்டாக, அதாவது வேலையை மேற்பார்ப்பவராக, இருந்ததையும் பெருமையாக அடுக்கியிருந்தேன். அதைப் படித்து முடித்த அக்கா, "அப்ப நான் எங்கடா போனேன்?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் நடந்த ஞாயிறுகளில் சோறு வடித்ததும், தம்பிகளைக் குளிப்பாட்டியதும், அதனால் டியூஷனை விட்டதும் அவர். பொதுக்காரியத்துக்கு ஒரு பெண் கொடுத்த நேரம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டதாகவே இருக்கும். அது யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், அதற்காக அம்மா வருந்தினாரா, கோபித்தாரா, கண்டும் காணாமல் இருந்தாரா என்பதையும் எழுதினால்தான் இரண்டு பாதிகளும் ஒருவராகச் சேரும். அக்காவே அந்தப் பகுதியை எழுதினார். ஒரு பக்கம்தான், ஆனால் மற்ற பக்கங்களைவிட நன்றாக இருந்தது.

மொழியைத் திருத்த வேண்டாம். அம்மா 'சமரம்' என்று சொல்லியிருந்தால் அதைப் 'போராட்டம்' ஆக்காதீர்கள். மலையாள வழியில் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால், பெரியவர் ஒருவர் முழுவதையும் வாசிக்க, அதைக் கைபேசியில் பதிவுசெய்து அவர்களுக்குக் கொடுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன், அயல்கூட்டத்தார் கூடும் நாளில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பாதி தேதிகள் அங்கேயே மாறும். கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டுத் திதியன்று பேனாவும் வைத்துவிட்டால், வருபவர்கள் விட்டுப்போனதை எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதட்டும்.