டேஷ்கேம் மாட்டியிருந்தும் பதிவு இல்லை: முன்–பின் கேமரா வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்கு முன்னும் பின்னும் கேமரா மாட்ட வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது 4கே தானே?" என்பதுதான். மெமரி கார்டைப் பற்றிய பேச்சு பில் போடும்போதுதான் வரும். அதுவும் "வீட்ல ஒரு கார்டு சும்மா கிடக்கு, அதையே போட்டுக்கலாமா?" என்று. லென்ஸில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிப்பது, தேதி, நேரம் வைப்பது எல்லாம் கையேட்டிலேயே இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

பழைய போனில் இருந்த கார்டு

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வந்த வேன் இடிக்கிறது. கேமராவில் விளக்கு மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், கடைசிக் கோப்பு ஏழு வாரத்துக்கு முந்தையது. பல ஆயிரம் கொடுத்து மாட்டிய கேமரா, தேவைப்பட்ட அந்த ஒரே நாளில் கைவிட்டுவிடுகிறது. பெரும்பாலும் கேமராவில் கோளாறு ஒன்றும் இருப்பதில்லை, கார்டுதான் செத்திருக்கும். இவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு இன்னும் தொடர்வதுதான் எரிச்சல்.

ஏன் சாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் கேமரா 4கேயில் நொடிக்கு 40 மெகாபிட், பின் கேமரா ஃபுல் எச்டியில் 15 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 25 ஜிபி. தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் 50 ஜிபி. கார்டு நிறைந்ததும் கேமரா பழையதை அழித்து அதன்மேல் எழுதும். அதாவது 64 ஜிபி கார்டு கிட்டத்தட்ட தினம் ஒருமுறை முழுக்க அழிந்து மறுபடி எழுதப்படுகிறது. போனில் அதே கார்டு நிறையவே பல மாதம் ஆகும். ஃபிளாஷ் மெமரி ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் கொஞ்சம் தேயும். அதோடு மதிய வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் சூடும் சேர்கிறது. தேய்ந்த கார்டுகளில் சில, படிக்க மட்டும் விட்டு எழுத மறுக்கும். ஃபார்மேட் கொடுத்தால் முடிந்தது என்று காட்டும். மறுபடி திறந்தால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். இந்த அறிகுறி தெரிந்த கார்டை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும்.

வாங்க வேண்டியது, ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் 'எண்டூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டு, எழுதும் வேகத்தைக் காட்டும் யூ3 அல்லது வி30 குறியோடு. சான்டிஸ்க் ஹை எண்டூரன்ஸ் 128 ஜிபிக்கு 10,000 மணி நேரப் பதிவைத் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. மேக்ஸ் எண்டூரன்ஸ் 128 ஜிபிக்கு 60,000. இவை ஃபுல் எச்டி பதிவுக்கான கணக்கு என்பதால், 4கே முன் கேமராவும் பின் கேமராவும் சேர்ந்து எழுதும்போது பாதி என்று வைத்துக்கொள்ளவும். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பாதியையும் முழுதாக நம்பாமல், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கார்டை மாற்றிவிடுவது நல்லது. இரண்டு கேமராவுக்கு 128 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் அதிலேயே ஐந்து மணி நேரப் பதிவுதான் நிற்கும். கேமரா அதிகபட்சம் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்கவும்.

போலிக் கார்டு இன்னொரு தொல்லை. 256 ஜிபி என்று காட்டும், உள்ளே 32தான் இருக்கும். 32 வரை ஒழுங்காக எழுதும், அதற்குமேல் எழுதுவதெல்லாம் வீண். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதிக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

சரியான கார்டு போட்டும் பதிவு நின்றுபோக ஒரு காரணம் உண்டு: ஜி-சென்சார். அதிர்ச்சி வந்தால் அந்தக் கோப்பை அழியாமல் பூட்டிவைப்பது அதன் வேலை. உணர்திறனை அதிகமாக வைத்தால் நம் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் அதற்கு விபத்துதான். சில மாடல்களில் பூட்டிய கோப்புகள் சேர்ந்து சேர்ந்து கார்டு நிறைந்து, புதிய பதிவுக்கு இடமே இருக்காது. உணர்திறனைக் கீழ்நிலையில் வைத்து, வீட்டுக்குப் பக்கத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கோப்பு பூட்டக் கூடாது. மாதம் ஒருமுறை கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்யவும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடைசிக் கோப்பை, முன் ஒன்று பின் ஒன்று, ஓட்டிப் பார்க்கவும்.

பெட்டியில் எழுதிய 4கே

உண்மையான 4கே படத்துக்கு 3840 × 2160, அதாவது 8 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். சோனி ஐஎம்எக்ஸ்415, ஐஎம்எக்ஸ்678 சென்சார்கள் அதைத் தரும். ஐஎம்எக்ஸ்335 வெறும் 5 மெகாபிக்சல். அதில் 4கே என்றால் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறார்கள் என்று அர்த்தம். பின் கேமராவின் வயரைச் செருகியதும் முன் கேமரா 4கேயிலிருந்து 1440பிக்கு (4கேயைவிடக் குறைந்த தெளிவு) இறங்கும் மாடல்களும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக ஓடும்போது எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்கவும்.

உள்ளே லித்தியம் பேட்டரி

வேண்டாம், வெயிலில் உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் சூடு தாங்கும் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதை வாங்கவும்.

பின் கேமரா வயரை இழுப்பது

ஹேட்ச்பேக்கில் டிக்கிக் கதவு கீல் பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கம்பெனி வயரெல்லாம் அதன் வழியாகத்தான் கதவுக்குள் போகிறது. கேமரா வயரும் அதற்குள்ளேயே போக வேண்டும். சோம்பல்பட்டு வெளியே விட்டால், ஒவ்வொரு முறை டிக்கியைச் சாத்தும்போதும் வயர் நசுங்கி, சில மாதத்தில் பின் படம் விட்டுவிட்டு வரும்.

பின் கண்ணாடியில் பனிமூட்டத்தைப் போக்கும் டீஃபாகர் கோடுகளின் மேல் கேமராவை ஒட்டக் கூடாது. பிற்பாடு பிய்க்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும். பின் வைப்பர் இருந்தால் அது துடைக்கும் பரப்புக்குள் ஒட்டவும்.

பக்கவாட்டில் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில், முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். குறுக்கே போனால், ஏர்பேக் விரியும்போது தடையாகும். மாட்டுகிறவர் டிரிம்மைக் கழற்றாமல் இடுக்கில் வயரைத் திணித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

பார்க்கிங் மோடும் காலை நேரத்துச் செல்ஃபும்

வண்டியை நிறுத்திய பிறகும் பதிவு ஓடுவதுதான் பார்க்கிங் மோடு. அப்போது இரண்டு கேமராவும் சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஏஎச்சுக்கு (ஆம்பியர்-மணி) மேல். சின்னப் பெட்ரோல் கார்களில் 35 ஏஎச் பேட்டரிதான் பரவலாக இருக்கிறது. சனி, ஞாயிறு வண்டியை எடுக்காவிட்டால் திங்கள் காலை செல்ஃப் இழுக்கத் திணறும். கேமராவைக் கார் பேட்டரியோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட்டில், மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்ற வெட்டு அளவை 12.0 வோல்ட்டில் விடாமல் 12.2 அல்லது 12.4க்கு உயர்த்தவும். இணைப்பு, ஃபியூஸ் பெட்டியில் செருகும் ஃபியூஸ் டேப் வழியாகத்தான். கம்பெனி வயரை வெட்டி முறுக்க விடாதீர்கள், வாரண்டி சிக்கல் வரும். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது.

170 டிகிரி கோணம்

லென்ஸ் பார்க்கும் அகலம் கூடக் கூட நம்பர் பிளேட் சிறுத்துப்போகும். 140 போதும்.

விபத்து நடந்த பிறகு

இஞ்சினை அணைத்தபின் கேமரா முழுதாக அணையும்வரை பொறுத்துக் கார்டை எடுக்கவும்; பதிவாகிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கடைசிக் கோப்பே கெடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், நம்பர் பிளேட் படிக்க முடியாது. கோப்பை அப்படியே பிரதி எடுக்கவும், வெட்டி ஒட்ட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கேட்கப்படும், அதனால் கோப்பில் கை வைக்காமல் இருப்பது முக்கியம். அசல் கார்டை உறையில் போட்டுத் தனியே வைத்துவிட்டு, டேஷ்போர்டில் தயாராக வைத்திருக்கும் இரண்டாவது கார்டைக் கேமராவில் செருகிக்கொண்டு வண்டியை எடுக்கலாம்.