ஊழியரை அதட்டிவிட்டு இளைஞரிடம் பரிவு காட்டச் சொல்வது: இளைஞர் வேலைத்திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் இளைஞர் வேலைத்திட்டங்களை இணைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றத் தவறுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கின.

எங்கள் கள உத்தியோகத்தர் ஒருவர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வருபவர். அது மார்கழி மழைக்காலம். வவுணதீவுப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தார். மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் இருக்க, அவர்கள் காதில் விழும்படியே கேட்டேன்: "நேரத்துக்கு வர ஏலாட்டி ஏன் வாறீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. நனைந்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இரண்டு கிழமை கழித்து, அதே மண்டபத்துக்கு ஒரு பொடியன் பிந்தி வந்தான். விடியப்புறம் தகப்பனோடு வாவியில் வலை எடுத்துவிட்டு, காற்சட்டை ஈரம் காயாமல் வந்து நின்றான். எங்கள் உத்தியோகத்தர் அவனை நிமிர்ந்து பார்த்து, "நேரத்துக்கு வர ஏலாட்டி ஏன் வாறாய்?" என்றார். சொல்லும் என்னுடையது, தொனியும் என்னுடையது. அந்தப் பொடியன் பிறகு வரவேயில்லை.

அந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். அதற்கு முந்திய மாதம் நடந்த மூன்று நாள் செயலமர்வில் ஒத்துணர்வைப் பற்றி எல்லாரையும்விட நன்றாகப் பேசியவர் அவர்தான். ஆனால் செயலமர்வில் கேட்டது குறிப்புப் புத்தகத்தில் நின்றுவிட்டது. நான் அவரை நடத்திய விதம் நேராக அந்தப் பிள்ளையிடம் போய்விட்டது. இளைஞர்களோடு வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று இப்போது நான் நம்புகிறேன். ஊழியரைக் கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிந்தி வருவது பிழைதான். ஆனால் அதைத் தனியே கூப்பிட்டு, "என்ன நடந்தது?" என்ற கேள்வியோடு தொடங்கியிருக்கலாம். அன்றைக்கு வெள்ளம் எங்கே மறித்தது என்றுகூட நான் கேட்கவில்லை.

பரிவை ஒரு பாடமாக நடத்துவது

பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு ஹோட்டல் மண்டபம், வெளியூர் வளவாளர் ஒருவர், திரையில் ஒத்துணர்வுக்கும் அனுதாபத்துக்கும் வரைவிலக்கணம், மத்தியானம் பிரியாணி, கடைசியில் சான்றிதழோடு குழுப்படம். மூன்றாம் நாள் எல்லாருக்கும் வரைவிலக்கணம் பாடமாகியிருக்கும். நாலாம் நாள் களத்தில் ஒரு பிள்ளை முன்னால் இருந்து அழும்போது என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது.

பரிவு நீச்சலைப் போன்ற பழக்கம். தண்ணீரில் இறங்காமல் வராது. மூன்று நாள் செலவை அப்படியே பிரித்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைநாள் என்று வைத்தால் பலன் அதிகம். அந்த அரைநாளில் புதிதாக ஒன்றும் படிப்பிக்கத் தேவையில்லை. கடந்த இரண்டு கிழமையில் தனக்குக் கஷ்டமாக இருந்த ஒரு உரையாடலை, ஆளின் பெயர் சொல்லாமல், ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். ஒருவர் பிள்ளையாக இருந்து பேச, மற்றவர் உத்தியோகத்தராகக் கேட்க வேண்டும். அதையே திரும்ப, வேறு மாதிரிச் செய்து பார்க்க வேண்டும். முதலில் வெட்கமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை போனால், எந்த இடத்தில் தான் அவசரப்பட்டு வாய் திறந்தேன் என்பது ஒவ்வொருவருக்கும் தானாகவே தெரியவரும்.

நாங்கள் அவசரப்பட்டுச் சொல்லும் வசனங்களைக் கவனித்துப் பாருங்கள். "அதெல்லாம் யோசிக்காதீங்க." "கடவுள் பார்த்துக்கொள்வார்." "நாங்க படாத கஷ்டமா?" கெட்ட எண்ணத்தோடு யாரும் இவற்றைச் சொல்வதில்லை. ஆனால் இவற்றைக் கேட்டதும் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். ஆறுதலாக ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பதே மேல். எங்கள் ஊழியர்களுக்குப் பழக்குவதற்கு ஆகக் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

மூன்றாவது வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அது வெறும் வாய்ப்பழக்கம் இல்லை. நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் ஊழியர்கள் 1990 இல் போர் மீண்டும் மூண்டதைக் கண்டவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்டவர்கள், 2006, 2007 இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து பையோடு இடம்பெயர்ந்தவர்கள். இன்று பதினேழு வயதில் இருக்கும் பிள்ளை கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகு பிறந்தது. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் குடியில், வாசலில் நுண்கடன் வசூலிப்பவர், கையில் சரிவராத சாதாரண தரப் பெறுபேறு. இது அந்தப் பிள்ளையின் பாரம். அதைக் கேட்கும் ஊழியரின் மனம் தன்னையறியாமல் இரண்டையும் தராசில் வைக்கிறது. அவருடைய பாரத்தை யாரும் இதுவரை ஒழுங்காகக் கேட்டதில்லை. அதனால்தான் அடுத்தவருடையது சின்னதாகத் தெரிகிறது. ஆகவே ஊழியர் பயிற்சி என்றால், முதலில் அவர்களுடைய கதைக்கு அவர்கள் விரும்பினால் திறந்துகொள்ளக்கூடிய ஓர் இடம் வேண்டும். மாதம் ஒருமுறை, படிவமும் அறிக்கையும் மேசையில் இல்லாமல், ஒவ்வொருவரோடும் ஒரு மணித்தியாலம் தனியாக இருந்து பேசுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. ஆனாலும் வேலை கூடியதும் நாங்கள் முதலில் வெட்டுவது இந்த ஒரு மணித்தியாலத்தைத்தான்.

"ஐயோ பாவம்" என்பதைப் பரிவு என்று நினைப்பது

பரிதாபப்படுபவர் மேலே நின்று கீழே பார்க்கிறார். இளைஞர்களுக்கு அது உடனே விளங்கிவிடும். "கஷ்டப்பட்ட பிள்ளை" என்று கூட்டத்தில் அறிமுகம் செய்யப்பட்ட ஒரு தங்கச்சி, அடுத்த கூட்டத்துக்கு வராமல் விட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 'பயனாளி' என்ற சொல்லும் இந்த வகைதான். அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பெயர் இருக்கிறது, தம்பி, தங்கச்சி, மகன், மகள் என்று எங்கள் ஊர் முறை இருக்கிறது.

பரிதாபத்தின் இன்னொரு முகம், எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது. தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளை நாலு நாள் வராவிட்டால், "பாவம், விடுவோம்" என்று வரவைப் போட்டுவிடுவது உதவி அல்ல. என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை மதிப்பீட்டில் அவன் தன் கையால் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அங்கே பாவம் பார்க்க மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்பதும், விட்ட நாளை எப்படி ஈடுசெய்யலாம் என்று அவனோடு சேர்ந்து பார்ப்பதும்தான் பரிவு. இது கூடுதல் வேலை, எனக்குத் தெரியும்.

கதையைப் பிடுங்குவது

இதுதான் என்னை ஆகக் கூடுதலாக வருத்தும் விடயம். சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் தாளோடும் கலர்ப் பென்சிலோடும் எத்தனையோ பேர் வந்து, பிள்ளைகளை அலையை வரையச் சொன்னார்கள். வரைந்து முடிந்ததும் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளறிவிட்ட மனதோடு பிள்ளை வீட்டுக்குப் போனது.

இன்றைக்கும் முதல் நாள் அமர்விலேயே "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத துயரத்தைப் பகிருங்கள்" என்று வட்டமாக இருத்திக் கேட்கிறோம். நம்பிக்கை வளருமுன் இப்படிக் கேட்பது கேடு. நெருக்கடியில் உள்ளவர்களுக்கான உளவியல் முதலுதவி பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2011 இல் கள ஊழியர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்ற மூன்று செயல்களில் அது நிற்கிறது: ஆபத்து உண்டா, யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று பார், சொல்வதைக் கேள், உரிய சேவையோடும் உறவுகளோடும் இணைத்துவிடு. கதையைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்பதையும் அது தெளிவாகவே சொல்கிறது.

வேறு வழியும் எங்கள் ஊரிலேயே இருந்தது. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். துயரத்தைச் சொல் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. விளையாட்டுக்குள் வர வேண்டியது தன் நேரத்தில் வரட்டும் என்ற பொறுமை இருந்தது. இளைஞர்களுக்குக் களிமண்ணுக்குப் பதில் கிரிக்கெட்டோ, நாடகமோ, சைக்கிள் திருத்துவதோ இருக்கலாம். கைகள் வேலையில் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமலே, ஒருவர் பேசத் தொடங்குவார்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று ஊழியர் சத்தியம் பண்ணக்கூடாது. உயிருக்கு ஆபத்து, துஷ்பிரயோகம் என்றால் சொல்லியே ஆக வேண்டும். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், சொல்லுமுன் உனக்குச் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லப் பழக்குங்கள். சிறுவர் உதவிக்கு 1929, மனநல உதவிக்கு 1926. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இவை ஒவ்வொரு ஊழியரின் போனிலும் பதிவாகியிருக்க வேண்டும். மறுபக்கம், ஆபத்து எதுவும் இல்லாத ஒரு காதல் விடயத்தைத் தாயின் காதில் போட்டுவிடுவதும் நடக்கிறது. எங்கள் கிராமங்களில் ஊழியரும் தாயும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பார்கள். ஒருமுறை கசிந்தால் அந்த ஊரில் வேலைத்திட்டம் முடிந்த மாதிரித்தான்.

நாளும் நேரமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ. நோன்பு மாதத்தில் பின்னேரம் இளைப்பு. காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள் மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும், படுவான்கரைப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் பாராமல் திகதி குறித்துவிட்டு, "இளைஞர்களுக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். திகதி போடுமுன் ஊழியர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஊர் தெரியும்.

தமிழ், முஸ்லிம் என இரு சமூகப் பிள்ளைகளையும் ஒன்றாக அழைக்கும் வேலை என்றால் இன்னொன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த ஊழியர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய நாட்கள் இருந்தன. அந்த நிலையில் பிள்ளைகளைக் கூட்டி 'நல்லிணக்கம்' என்று படம் எடுக்கப் போவது வீண். முதலில் ஊழியர்கள் தங்கள் பயத்தையும் கோபத்தையும் பேசி முடிக்க வேண்டும். அது ஒரு நாளில் முடியாது.

சொல்லாமல் போய்விடுவது

நிதி முடிகிறது. ஊழியரின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு சரி. ஒருநாள் அக்கா வருகிறார், அடுத்த கிழமை வரவில்லை. ஏற்கெனவே தாயும் தகப்பனும் ஏதோ ஒரு விதத்தில் விட்டுப்போன பிள்ளைக்கு இது இன்னொரு விட்டுப்போதல்.

வேலைத்திட்டம் எப்போது முடியும் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லலாம். கடைசி மூன்று மாதத்தில், ஒவ்வொருவரும் இனி எங்கே போகலாம் என்று ஒழுங்குசெய்ய வேண்டும்: பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை அதிகாரியைச் சந்திக்கவா, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரவா, ஊர் இளைஞர் கழகத்திலா. பெயரைச் சொல்லி அனுப்பினால் போதாது, முதல் தடவை ஊழியர் கூடப் போக வேண்டும். அந்த ஊழியருடைய ஒப்பந்தம் நீடிக்குமா இல்லையா என்பதையும் அதே மூன்று மாதத்துக்கு முன்பே அவருக்கு நேரில் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கிழமையில் மின்னஞ்சலில் தெரிந்துகொண்ட ஒருவரால், பிள்ளைகளிடம் ஆறுதலாக விடைபெற முடியாது.